மங்கி குல்லாய் போட்ட மாவு

பெங்களூரின் டிசம்பர் குளிரில் தோசை மாவு லேசில் புளிக்காது. அதனால்தான் சிவசங்கரன் தலையிலிருந்த மங்கி குல்லாயைக் கழற்றி மாவுப் பாத்திரத்துக்கு மாட்டிவிட்டார். முகத்துக்கான துவாரத்தில் எவர்சில்வர் மூடி பளபளவென்று தெரிந்தது. சமையல் மேடையில் யாரோ ஒரு மாமா குளிருக்கு ஒடுங்கி உட்கார்ந்திருப்பது போலிருந்தது.

"இன்னாங்க இது?" என்றாள் மனைவி பிரபா.

"இன்ஜெராவுக்கு ஒத்திகை. நீ போற ஊர் தோசை அது, மாவு மூணு நாள் புளிக்கணுமாமே. இன்னிக்கு செவ்வாய். வெள்ளிக்கிழம ரெடி."

"குல்லாய தொவைச்சீங்களா?"

"போன வருஷம் தொவைச்சேனே."

பிரபா சிரிக்கவில்லை. போன சனிக்கிழமையிலிருந்தே அவள் சிரிக்கவில்லை.

அரசு மகப்பேறு மருத்துவமனையில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, இந்த மே மாதம் விருப்ப ஓய்வு வாங்கியவள். பிப்ரவரியில் எத்தியோப்பியாவுக்குப் புறப்பட வேண்டும். அங்கே ஏதோ ஒரு மலையூரில் ஒரு வருடம் தங்கி, பிரசவம் பார்க்கும் பெண்களுக்குச் சம்பளமில்லாமல் சொல்லிக்கொடுக்கப் போகிறாள். அனுப்புகிற தொண்டு நிறுவனம் லிங்கராஜபுரத்தில், ஒரு தேவாலயத்தை ஒட்டிய ஹாலில், சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தியது. கொசுவலை, தடுப்பூசி, வணக்கம் சொல்லும் விதம் எல்லாவற்றிலும் பிரபாதான் முதல். சாப்பாட்டு வகுப்பில்தான் சறுக்கியது.

அந்த ஊரில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே தட்டு. பெரிய மூங்கில் தட்டு அகலத்துக்கு இன்ஜெரா என்று புளித்த தோசை மாதிரி ஒன்று, அதன் மேலேயே குழம்பு வகைகள். அதோடு முடிந்தால் பரவாயில்லை. மரியாதைக்குரியவர் வாயில் கையால் ஊட்டிவிட வேண்டும். கவளம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு அன்பு. மறுத்தால் மனசு நோகும், ஒரு வாயோடு நிறுத்தவும் கூடாது. பெங்களூரில் படிக்க வந்த எத்தியோப்பியப் பெண் அல்மாஸ் இதைச் சொல்லிக்கொண்டே ஒரு கவளத்தைச் சுருட்டிப் பிரபாவின் வாயருகே கொண்டுவந்தாள். பிரபாவின் முகம் தானாகத் திரும்பிக்கொண்டது. உதடு திறக்கவில்லை. அந்தரத்தில் நின்ற கையை அல்மாஸ் மெதுவாக மடக்கி, ஒரு சிரிப்போடு தானே சாப்பிட்டுவிட்டாள். அந்தச் சிரிப்புதான் பிரபாவை நான்கு நாளாகத் தின்றுகொண்டிருந்தது.

வகுப்பு முடிந்ததும் பொறுப்பாளர் நோயல் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம்: "அடுத்த சனிக்கிழம திரும்பப் பாக்கலாம் மேடம். அங்க போனா தெனம் இதுதான். முடியலன்னா சொல்லிடுங்க, தப்பே இல்ல."

ரத்தத்திலும் பனிக்குட நீரிலும் முழங்கை வரை நனைந்து ஆயிரக்கணக்கில் குழந்தை பிடித்தவள் ஒரு வாய் சோற்றுக்கு முகம் திருப்பினாள் என்றால் யார் நம்புவார்கள்? சிவசங்கரன் நம்பினார். அந்த வீட்டில் டம்ளர்களில்கூடப் பெயர் வெட்டியிருந்தது. இருபத்தாறு வருட தாம்பத்தியத்தில் 'பிரபா' என்று வெட்டிய டம்ளரில் அவர் ஒரு வாய் காபி குடித்ததில்லை. தண்ணீர்கூட இருவரும் அண்ணாந்துதான் குடிப்பார்கள். எச்சில் விஷயத்தில் அவர்கள் வீடு ஒரு தனி நாடு.

சிவசங்கரனுக்கு இதில் இரண்டு சிக்கல். பொம்மனஹள்ளியில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் தொடங்கி, தினமும் ஏறும் பஸ்ஸின் கண்டக்டர் வரை, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் மனைவி எத்தியோப்பியா போவதைச் சொல்லி முடித்திருந்தார். வீட்டு ஓனர் கோவிந்தப்பா மாடிப்படியில் நின்று, கன்னடம் கலந்த தமிழில், "ஏன் சார், மேடம் போறது கன்ஃபர்ம் தானே? நான் நம்ம அங்கடில எல்லார்கிட்டயும் ஹேளிட்டேன்" என்றபோது, தானே விமானம் ஓட்டப்போகிறவர் மாதிரி தலையாட்டினார். இது முதல் சிக்கல்.

இரண்டாவதை யாரிடமும் சொல்ல முடியாது. அவள் போகாவிட்டால் காலையில் காபி கிடைக்கும். பையன் ஹரிஷ் வேலைக்காகப் புனே போன பிறகு, வீட்டில் இருக்கும் ஒரே இன்னொரு குரலும் மிஞ்சும். பயிற்சி கொடுப்பவரே உள்ளூரத் தோல்வியை விரும்புகிற முகாம் உலகத்திலேயே ஈஜிபுராவில் அவர்கள் வீட்டில் நடந்த அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

புதன்கிழமை ஒரே தட்டில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிரபா நடுவில் பீன்ஸ் பொரியலால் ஒரு வரப்பு கட்டினாள். அவர் பக்கத்துச் சாம்பார் வரப்பை உடைத்துக்கொண்டு ஓட, "தண்ணி தொறந்து விட்டுட்டேன். கோர்ட்டுக்குப் போறதுன்னா போ" என்றார். காவிரிக்காக ஊர் அந்த வருடமும் கொதித்து அடங்கியிருந்தது. வியாழக்கிழமை வரப்பு இல்லை. ஆனால் அவள் தன் ஓரத்தையே பார்த்துக்கொண்டு, பரீட்சை எழுதுவது போலச் சாப்பிட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குல்லாயைக் கழற்றினார். மாவு வாசனை கூடத்தைத் தாண்டிப் போனது. தோசைக்கல் அளவுக்கு ஒன்று வார்த்துத் தட்டில் போட்டு, கெட்டிப் பருப்பை ஊற்றி, ஒரு துண்டைச் சுருட்டி நீட்டினார்.

"ஆ காட்டு. காக்கா பாரு, காக்கா."

பிரபாவின் உதடு இறுகியது. அவர் இன்னொரு கிண்டலுக்குத் தயாராவதற்குள் அவள் பேசினாள்.

"அருவருப்புன்னு நெனைக்கிறீங்க. அது இல்லங்க. நான் ஊட்டாத வாயா? ஹரிஷுக்கு, எங்கம்மாவுக்கு, வார்டுல பேர் தெரியாதவங்களுக்கு. நீங்க ஸ்கூட்டர்லருந்து விழுந்து கைய ஒடச்சுக்கிட்டப்ப ஆறு வாரம். எனக்கு நேரா ஒரு கை வந்தா இன்னா பண்றதுன்னே தெரியல. பழக்கமே இல்ல."

சாதாரணமாக ஒரு பேச்சுக்கு நாலு ஜோக் வரும் அவருக்கு. இப்போது அந்த ஆறு வாரம்தான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வேளையும் வாயைத் திறந்தபடி, உப்பு பத்தல, காரம் ஜாஸ்தி என்று அவர் சொன்ன குறைகளும் சேர்ந்தே வந்தன. கட்டுப் பிரித்த அன்று டாக்டருக்கு நன்றி சொன்னார். இவளுக்குச் சொன்னாரா? நினைவில்லை. நினைவில்லை என்றால் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

நீட்டிய துண்டைக் கீழே வைத்துவிட்டு, பெரிதாக வேறொன்று சுருட்டினார். பருப்பு வழிந்து அவள் புடவையில் சொட்டியது. பிரபா அதைத் துடைக்கவில்லை. கண்ணை மூடி, ஊசி போட்டுக்கொள்கிறவள் மாதிரி மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள்.

வெகுநேரம் மென்றாள்.

"உப்பு பத்தல" என்றாள்.

அந்த வாரத்தில் முதல்முறையாக அவள் சிரித்தாள். அவர் அடுத்ததைச் சுருட்ட ஆரம்பித்தார்.

சனிக்கிழமை லிங்கராஜபுரத்துக்கு சிவசங்கரனும் போனார். துணைக்கு வந்தவர்களுக்கான கடைசி வரிசையில், துவைத்த குல்லாயோடு உட்கார்ந்தார். அல்மாஸ் சுருட்டிய கவளம் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தவருக்கும் வாய் தானாகத் திறந்துகொண்டது. பிரபா வாங்கிக்கொண்டாள். கன்னம் உப்பியது, காரத்துக்குக் கண் கலங்கியது. இரண்டாவது, மூன்றாவது. நோயல் தன் தாளில் எதையோ குறித்துக்கொண்டார். பிறகு பிரபா, ஒரு சரியான கவளம் சுருட்டி அல்மாஸின் வாயில் வைத்து, பழக்கதோஷத்தில் அவள் மோவாயையும் துடைத்துவிட்டாள். ஹால் முழுக்கச் சிரித்தது.

"நம்ம வீட்டம்மா" என்றார் சிவசங்கரன், பக்கத்து நாற்காலிக்காரரிடம். அவர் கேட்கவில்லை. இவர் இன்னொரு தடவையும் சொன்னார். இந்த வீட்டம்மா இல்லாத வீட்டில், பிப்ரவரிக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை எப்படி இருக்கும் என்று குனிந்து யோசித்தார்.

நிமிர்ந்தபோது பிரபா வரிசைகளைத் தாண்டி அவரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். வலது கையில் ஒரு பெரிய கவளம் சொட்டிக்கொண்டிருந்தது. அத்தனை பேர் முன்னால்! நல்லதாக ஒரு ஜோக் சொல்லித் தப்பிக்கலாமென்று அவர் வாயைத் திறந்தார். அவள் அதற்குள் அருகே வந்துவிட்டாள். கவளத்துக்குக் கீழே அவள் இடது உள்ளங்கை குழிந்து நின்றது, அப்போதுதான் பிறந்த தலை ஒன்றைத் தாங்குவது போல.