வாசலை உரசிப் போன மஞ்சள் கோடு

மஞ்சள் என்று சொல்கிறார்கள். எனக்கு அது செருப்புக்கு அடியில் தட்டுப்படும் மேடு, அவ்வளவுதான். பிரிக்பீல்ட்ஸ் ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டு, கடைவரிசைக்குப் பின்னால் உள்ள சந்தில் நுழைந்து, என் வாசற்படியை உரசிக்கொண்டு போகும் கல்வரிசை. பார்வையில்லாத நாங்கள் அதன்மேல் ஸ்டிக்கை ஓட்டிக்கொண்டு நடப்போம். இந்த வட்டாரத்தில் எங்கள் ஆட்கள் நிறைய. வேலை விடும் நேரத்தில் யாராவது என் கேட்டைத் தட்டி, புஷ்பாக்கா இருக்கீங்களா என்று கேட்பார்கள். நான் எங்கே போகப் போகிறேன்? மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள், தனிக்கட்டை. ஊரையே பேசவைத்த எனக்கு, இப்போது பேச ஆள் வேண்டுமென்றால் அந்தக் கோட்டின்மேல்தான் வர வேண்டும்.

தவறாமல் வருபவர் தம்புசாமி. மசாஜ் கடையில் வேலை. அவர் ஸ்டிக் கல்லில் விழுகிற விதத்திலேயே அன்றைக்கு வாடிக்கையாளர் யாராவது வம்பு செய்தார்களா என்று தெரிந்துவிடும். கேட்டுக்கு வெளியே நான் போட்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பால் சேர்க்காத கோப்பி-ஓ குடிப்பார். சீனி பத்தல என்பார். ஒரு நாள்கூட அதைச் சொல்லாமல் குடித்ததில்லை. பிறகு இன்னொரு கப் கேட்பார். இதற்கு நாங்கள் பெயர் எதுவும் வைக்கவில்லை. அவர் வந்துபோனால் எனக்குப் பொழுது போனது. வராவிட்டால் பொழுது போகாமலே இருட்டிவிடும்.

மாற்றுத்திறனாளிகளுக்காக நகர மன்றம் ஓர் ஆலோசனைக் குழு வைத்திருக்கிறது. சக்கர நாற்காலிக்காரர்களுக்கு ஜீவன், காது கேளாதவர்களுக்கு ஒரு சீனப் பெண், பார்வையற்றவர்களுக்கு நான். நாங்கள் சொல்லலாம், செய்வதும் செய்யாததும் அவர்கள் இஷ்டம். கூட்டத்துக்குக் கூட்டம் தின்பதற்குக் கறிபாப் மட்டும் சூடாக வரும். அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். ஜீவன் வாய் ஓயாமல் கேட்டதில் நூலகத்துக்குச் சரிவுப்பாதை வந்தது. என் வாசலில் போகும் கோடும் குழு கேட்டு வந்ததுதான்.

எங்கள் சந்தில் சாப்பாட்டுக் கடைகளின் பின்கதவுகள் இருக்கின்றன. காய்கறி லோரி பின்பக்கமாகத்தான் உள்ளே வரும். ஒருநாள் அது தம்புசாமியை இடித்துத் தள்ளிவிட்டது. வலது மணிக்கட்டு உடைந்தது. மசாஜ் செய்கிறவருக்கு மணிக்கட்டு போனால் வேறு என்ன மிச்சம்? மாவுக்கட்டோடு வந்து, இடது கையால் கோப்பி குடித்துக்கொண்டு, லோரிக்காரனுக்கும் முதுகில் கண் இல்லையே என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கப்பைக் கழுவும்போது அழுதேன்.

அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் எஞ்சினியர் ரிஷி விஷயத்தை எடுத்தான். இரண்டு வழி இருக்கிறது என்றான். ஒன்று, கோட்டைச் சந்திலேயே விட்டுவிட்டு லோரி வரக்கூடாது என்று போர்டு மாட்டுவது. கொஞ்ச நாள் கேட்பார்கள், பிறகு பழையபடி வருவார்கள் என்று அவனே ஒப்புக்கொண்டான். இன்னொன்று, கோட்டைப் பெயர்த்துப் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் போடுவது. அங்கே அகலமான நடைபாதை, கம்பித் தடுப்பு, ஒரு திருப்பமும் இல்லை.

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான் ரிப்போர்ட்ல போகும், ஆன்டி," என்றான். "நடக்கிறவங்க நீங்கதானே."

லோரியை நிறுத்துங்கள், கோடு இருக்கட்டும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகவும் இருக்கும். ஜீவன் மேசையைத் தட்டி ஆதரிப்பார். ஆனால் அந்த நியாயத்துக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடப்பது எனக்கு மட்டும் தெரியும். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்வது என்பார்கள். என் கண்ணைக் குத்தி என்ன ஆகப் போகிறது, அவர் கையாவது மிஞ்சட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாத்திடுங்க," என்றேன்.

சொன்னபடி மாற்றினார்கள். மன்றம் இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்து நான் கேள்விப்பட்டதே இல்லை. பழைய கல்லைப் பெயர்த்துச் சிமெண்ட் பூசினார்கள். அதன் பிறகு என் வாசலில் பூனை நடந்தாலும் கேட்டது. தம்புசாமி போன் செய்தார். பேசினோம். போனில் கோப்பி ஊற்ற முடியாதே.

அதற்கடுத்த வாரம் ஒரு மாலையில் சந்துச் சுவரை யாரோ உரசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. கோடு இல்லாத சந்தில், சுவரை முழங்கையால் தடவித் தடவி அவர் வந்துகொண்டிருந்தார். அதே நேரம் லோரி பின்வாங்கும் பீப் பீப் சத்தமும் வந்தது. நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டால் சத்தம் வந்த பக்கம் திரும்பி நடுவில் வந்துவிடுவாரோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. லோரி நின்றது. அவர் ஒன்றுமே நடக்காததுபோல் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

கோப்பியைக் கொடுத்தேன்.

"தம்புசாமி, இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அவர் ஒரு வாய் குடித்தார். "கோட்ட மாத்தச் சொன்னதே நீங்கதான்னு ஜீவன் சொன்னாரு. நான் நம்பல."

"நான்தான் சொன்னேன்."

"அப்போ நான் வந்து உக்கார்றது உங்களுக்குத் தொல்லையா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இல்லை என்று சொன்னால் நாளைக்கும் சுவரைத் தடவிக்கொண்டு வருவார். அந்த மனுஷனை எனக்குத் தெரியும். பேசாமல் இருந்தேன்.

அவர் கப்பைக் காலி செய்து என் கையில் கொடுத்தார். "சீனி சரியா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் சந்து முனையைத் தாண்டும்வரை காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு போனும் இல்லை. ஸ்டேஷன் பக்கம் ஏதாவது கடையில் இருவரும் உட்காரலாமே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. தொல்லை என்று நினைத்துப் போனவரை எந்த முகத்தோடு கூப்பிடுவது? கூப்பிட்டு மனசு சமாதானம் ஆகிவிட்டால் மறுபடி சந்துக்கே வந்து நிற்பார்.

இந்த முறை கூட்டத்தில், புதுப் பாதையில் இதுவரை ஒருவரும் விழவில்லை என்று ரிஷி அறிக்கை வாசித்தான். தலைவர் மரியாதையாக, புவான் புஷ்பாவுக்கு நன்றி என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. ரிஷி காரில் கொண்டுவந்து ஸ்டேஷன் அருகே புதுக் கோட்டின்மேல் என்னை நிறுத்திவிட்டு, நடந்து பாருங்க ஆன்டி என்றான்.

நல்ல பாதைதான். மோட்டார் சைக்கிள் இல்லை, சாக்கடை மூடி இல்லை. ஒரு கேட்டும் இல்லை. பாதி தூரம் போயிருப்பேன், எதிரில் ஒரு ஸ்டிக் சத்தம் வந்தது. கேட்டவுடன் தெரிந்தது, அவர்தான். வலது கை, பழைய பலம். அடி சமமாக விழுந்தது, பயமில்லாத நடை. இதற்காகத்தானே சொன்னேன்.

நான் கோட்டைவிட்டு ஒதுங்கி, சத்தம் கேட்காதபடி ஸ்டிக்கைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டேன். அவர் கடந்து போகும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.