காற்றை வெட்டும் போத்தல்

சைக்கிள் மணலில் சரிந்து கிடந்தது. அதிலிருந்து விழுந்த இப்ஹாம் ஹாஜியார் சற்றுத் தள்ளி, யாரோ குவித்து வைத்திருந்த காய்ந்த தென்னோலைகளின் மேல், கல்யாண வீட்டில் முன்வரிசைக் கதிரை கிடைத்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு அடி இல்லை. மாரவிலைக் கடற்கரை வீதியில் குறுக்கே பாய்ந்த நாய்க்கும் அடி இல்லை. அந்தப் பெடல்கள் மட்டும் நின்றிருந்தால் எல்லாம் நல்லபடியாகவே முடிந்திருக்கும். அவை சுற்றிக்கொண்டிருந்தன. யாருடைய காலும் படாமல், ஒரே சீராக, மணலை வாரி வாரிப் பின்னால் இறைத்தபடி. நாய் திரும்பி வந்து மோந்து பார்த்தது. பெடல் அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டியது. அந்த நாய் அன்றே மாரவிலையை விட்டுப் போய்விட்டதாகவும், இப்போது புத்தளம் பக்கம் இருப்பதாகவும் கேள்வி.

ஹாஜியார் எழுந்து மணலைத் தட்டினார். முழங்காலில் உட்கார்ந்து சைக்கிளின் சட்டத்தில் காதை வைத்தார். கண்டி டவுனில் விசிறி மோட்டருக்குக் கம்பி சுற்றும் கடை அவருடையது. மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டே, தெருக்கோடித் தேத்தண்ணிக் கடையின் விசிறி அடுத்த வெள்ளிக்கிழமையைக் காணாது என்று சொல்வார். அது வியாழக்கிழமையே புகைந்துவிடும். அந்தக் காது இப்போது இரும்புக்குள் கேட்டது. சுருள் நல்ல செம்பு. அச்சைத் தாங்கும் புஷ் தேயவில்லை. சொல்லப்போனால் அவர் இதுவரை கேட்ட மோட்டர்களில் இதுதான் ஆகச் சிறந்தது. அதை நினைத்ததும் அவருடைய வலது காது சிவந்தது. கோபம் அவருக்கு எப்போதும் அந்தக் காதில்தான் தொடங்கும்.

கையை நீட்டிச் சட்டத்தில் மாட்டியிருந்த கறுப்புப் போத்தலைப் பிடுங்கினார். பெடல்கள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி, யோசித்து, நின்றன. பற்றரி அதற்குள்தான் இருந்தது.

அந்தப் போத்தலைப் பற்றிக் கண்டியில் தெரியாதவர்கள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், நெஞ்சுக்குள் அடைப்பு என்று ஹாஜியாரைக் கொண்டுபோய், இரத்தக் குழாயில் கம்பிச் சுருள் வைத்து அனுப்பினார்கள். சைக்கிள் விடலாம், ஏற்றம் மட்டும் வேண்டாம் என்றார் டொக்டர். கண்டியில் இருந்துகொண்டு ஏற்றம் இல்லாமல் சைக்கிள் விடுவதென்றால் வாவியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சைக்கிளைப் பறித்தால் சாப்பாட்டை விட்டுவிடுவேன் என்று ஹாஜியார் வீட்டில் சொன்னார்; சொன்னபடி ஒரு நேரம் விடவும் செய்தார். அடுத்த மாதம் மகன் அஹ்னாப் ஒரு புதுச் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். அதில் மாட்டியிருந்த கறுப்புப் போத்தல் தண்ணீருக்கு அல்ல, காற்றை இரண்டாக வெட்டிவிடும் கருவி என்று விளக்கினான். ஹாஜியார் அதைக் கடைக்கு வந்தவர்கள், ஜும்ஆவுக்கு வந்தவர்கள், பல் பிடுங்கப் போன இடத்தில் பல்வைத்தியர் என்று எல்லாருக்கும் கைகளால் காற்றைப் பிளந்து விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். பின்னேரங்களில் மனைவி றுமைஸா போத்தலைக் கழுவ வேண்டுமென்று உள்ளே எடுத்துப் போவாள், சுபஹுத் தொழுகைக்குப் பிறகுதான் திருப்பித் தருவாள். இப்படிச் சுத்தம் பார்க்கிற பெண் உலகத்தில் இல்லை என்று அதையும் ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார்.

அந்தச் சைக்கிளில்தான் போன வருடம் சைக்கிள் சங்கத்தாரோடு சிலாபத்திலிருந்து கடலோரமாக நீர்கொழும்புக்கும், அங்கிருந்து உள்ளே திரும்பி மேடு பள்ளமெல்லாம் தாண்டி மாவனல்லைக்கும் வந்து, கடுகண்ணாவை ஏற்றத்தில் எல்லாரையும் விட்டுவிட்டுப் போனார். அவர் போன வேகத்தில் கண்டி பஸ் ஒன்று வெட்கப்பட்டு ஓரங்கட்டியது. மேலே, வீதிக்காகக் குடைந்த பாறைக்குக் கிட்ட மாலை போட்டார்கள். அவருக்கு அடுத்ததாக வந்தவர் றமணன். யாழ்ப்பாணத்தவர், பேராதனையில் விரிவுரையாளர், ஹாஜியாரை விட இருபது வயது இளையவர், கால்கள் தேக்கங்கட்டை. அந்த றமணனை முந்தியதைச் சொல்லாமல் ஹாஜியார் ஒரு விசிறியைக்கூடத் திருத்திக் கொடுத்ததில்லை.

இந்த வருடமும் அதே ஓட்டம்தான்; பின்னால் வந்த வேன் இப்போது வந்து நின்றது. ஓட்டி வந்தவன் றுமைஸாவின் தம்பி பாயிஸ். அவள் முதலில் இறங்கினாள்.

“அடி பட்டீக்கா?”

அவர் போத்தலை உயர்த்திக் காட்டினார். அவள் பார்த்தாள். பாயிஸ் பார்த்தான். முன்னே போய்த் திரும்பி வந்த சங்கத்தார் பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒருமித்துக் கடலைப் பார்த்தார்கள், அன்றைக்குத்தான் அங்கே கடல் இருப்பது தெரிந்ததுபோல. யாருக்கெல்லாம் தெரியும் என்று இனிக் கேட்கத் தேவை இருக்கவில்லை.

ஹாஜியார் கைக்கு எட்டிய மட்டும் ஓங்கிப் போத்தலைக் கடலுக்குள் எறிந்தார். கடல் அதை வாங்கி, நல்ல பொருள் என்று கண்டு, அடுத்த அலையிலேயே கொண்டுவந்து றுமைஸாவின் காலடியில் வைத்தது. அவள் அபாயா நுனியால் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“மச்சான், கோவிக்க வாணாம்…” என்று தொடங்கினான் பாயிஸ்.

“நீ வேன ஓட்டு” என்றார் ஹாஜியார்.

அதற்குப் பிறகு அவர் விட்டது கோபச் சைக்கிள். வென்னப்புவை, வாய்க்கால், கொச்சிக்கடை என்று ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் மாதா கோயில்களுமாகப் போகிற அந்த வீதியைப் பார்க்க வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். ஹாஜியார் அதில் எதையும் பார்க்கவில்லை. எதிர்காற்று அடித்தது. வெட்டுவதற்குப் போத்தல் இல்லாததால் அதை முகத்தாலேயே வெட்டினார். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முகம் ஞாபகத்துக்கு வந்தது. தலையாட்டிய பல்வைத்தியர். பள்ளிவாசல் படியில் ‘மாஷா அல்லாஹ், இந்த வயசுல’ என்று முதுகில் தட்டியவர்கள். கடையில் வேலை செய்யும் பொடியன்கள் அவர் ஏற்றக் கதையைத் தொடங்கியதும் விசிறிக்குள் தலையைவிட்டு எதையோ தேடியது இப்போதுதான் விளங்கியது. இவர்கள் எல்லாரையும் விட, அவருடைய காதின் மேல்தான் அவருக்கு ஆகப் பெரிய கோபம். ஊரார் மோட்டரெல்லாம் கேட்ட காது, அவருக்குக் கீழே ஓடியதை இரண்டு வருடமாகக் கேட்கவில்லை. இல்லை, கேட்டது. றுமைஸா தந்த கருஞ்சீரகமும் தேனும் உள்ளே வேலை செய்கிற சத்தம் என்று அதற்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தார்.

நீர்கொழும்பைத் தாண்டி உள்ளே திரும்பியபோது றமணன் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, ஒங்களுக்கும் தெரீமா?”

மற்றவர்களாக இருந்தால் இருமியிருப்பார்கள். றமணன் இருமவில்லை. “ஓம் அண்ணை. தெரியும்.”

“போன வருசம் ஏத்தத்துல?”

“மோட்டர் உங்களைக் கொண்டுபோகேக்க நான் பிரேக் பிடிச்சுக்கொண்டு வந்தனான். றுமைஸா அக்கா அப்பிடிச் செய்யச் சொல்லிக் கேட்டவா. மோட்டரோடையும் உங்களை முந்தலாம் எண்டு எனக்குத் தெரியும்.”

“ஏத்தத்துல பிரேக் புடிச்ச ஆள நான் இண்டக்கித்தான் காண்ற.”

“எனக்கும் அது புதுசுதான் அண்ணை.”

ஹாஜியார் அதன்பிறகு மீரிகமையையும் வரக்காப்பொலையையும் முன்சக்கரத்தை மட்டும் பார்த்தபடி கடந்தார். கேகாலையில் தங்கிய விடுதியில் மூன்று பேருடைய சாப்பாட்டைத் தனியே சாப்பிட்டார். கோபத்தில் பட்டினி கிடப்பது அவர்கள் எதிர்பார்த்த ஒன்று. அந்தத் திருப்தியைக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

மறுநாள் மாவனல்லை கழிந்து ஏற்றம் தொடங்குமிடத்தில், அன்னாசியும் ரம்புட்டானும் விற்கிற கடைகளுக்குப் பக்கத்தில், தேத்தண்ணிக்கு நிறுத்தினார்கள். றுமைஸா கைப்பையைத் திறந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் இரண்டு அரிசி ஒட்டியிருந்தது.

“ராவு முழுக்க அரிசிக்குள்ள வெச்சீந்த. காஞ்சீக்கி. போடுங்க.”

“அரிசி சோறாக்க.”

“அமான்ட வாப்பாட்ட கேட்டா அவரு சொல்லுவாரு, இந்த ஏத்தத்துல மூச்சுப் புடிச்சி மௌத்தானவங்கட பேரெல்லாம்” என்று பாயிஸ் தன் கடைச் சிநேகிதர் ஒருவரைச் சாட்சிக்கு இழுத்தான்.

“அவரும் தலையாட்டினவருதானே” என்றார் ஹாஜியார்.

றுமைஸாவின் குரல் உயரவில்லை. “டொக்டர் சொன்னது ஒங்கட காதுல விழல்லயா? சைக்கிள எடுத்தா சோறு திங்க மாட்டேண்டீங்க. சைக்கிள விட்டா ஏத்தத்துல போறீங்க. நான் வேறென்ன செய்ய?”

“சொல்லீக்கலாம்.”

“சொன்னா போட்டீப்பீங்களா?”

அவர் யோசித்தார். பொய் சொல்ல நல்ல இடம்தான். ஆனால் இரண்டு நாளாகப் பொய்யின் மேல் கோபமாக இருக்கிற ஒருவருக்கு அது சரிவராது. “இல்ல” என்றார். தேத்தண்ணியை முடித்தார். போத்தலை மேசையிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

மோட்டர் வேலை செய்யாத மோட்டர்ச் சைக்கிளை விடப் பாரமானது எதுவும் இல்லை. முதலாம் வளைவிலேயே அது அவருக்கு விளங்கியது. கடுகண்ணாவை ஏற்றம் அந்த வருட மழைக்கு இன்னும் கொஞ்சம் வளர்ந்திருந்தது. மேலேயிருந்து இறங்கிய லொறிகளின் பிரேக் கருகிய மணம் தொண்டையை அடைத்தது. இரண்டாம் வளைவில் சைக்கிள் நத்தையைப் பார்த்துப் பழகத் தொடங்கியது. நெஞ்சைக் கவனித்தார். வலி இல்லை, உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தார். சங்கத்தார் முழுப்பேரும் பின்னால் வந்தார்கள். விழுந்துவிடாமல் இருக்க வீதியை இடமும் வலமுமாக அளந்துகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், ஊர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வேன் முதலாம் கியரில் முனகியது. வேனுக்குப் பின்னால் பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் லொறி, அதற்குப் பின்னால் கண்ணுக்கெட்டும் மட்டும் ஹோர்ன். அந்த வரிசையின் வால் மாவனல்லையைத் தொட்டதாகவும், மாப்பிள்ளை ஊர்வலமென்று நினைத்து அங்கே சிலர் நல்ல சட்டை மாற்றி வந்து சேர்ந்ததாகவும் பிறகு பேச்சு.

ஹாஜியாரின் இரண்டு காதும் சிவந்தன.

“என்ன இது, என்ட மய்யத்தா? எல்லாரும் பின்னுக்கு வாறீங்க?”

முன்னால் வந்த இருவர் பிரேக் பிடித்தார்கள்.

“முந்திப் போங்க. நாய்க்கு எரக்கப்பட்ட மாதிரி எனக்கு எரக்கப்பட வாணாம். நான் மெதுவாப் போற ஆள். மெதுவாப் போற ஆள முந்துறதுதான் வழக்கம்.”

சங்கத்தார் றுமைஸாவின் முகத்தைத் தேடி வேனைப் பார்த்தார்கள். றமணன் மட்டும் வேனைப் பார்க்கவில்லை. ஆசனத்திலிருந்து எழும்பி நின்றார். ஒரு மிதி, இன்னொரு மிதி. ஹாஜியாருக்குப் பக்கத்தில் வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை, பல்லைக் கடித்திருந்தார். பிரேக் பிடிக்காத றமணனை ஹாஜியார் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டார். கண்டது ஒரு கணம். பிறகு முதுகு. பிறகு வளைவில் பின்சக்கரம். பிறகு அதுவும் இல்லை.

“அப்பிடிப் போ” என்றார் ஹாஜியார். அவருக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது. இந்தக் கோபம் வேறு. தோற்றவனுக்கு வருகிற, சுத்தமான, சொந்தக் கோபம். இதை அவருக்கு இரண்டு வருடமாக யாரும் தரவில்லை.

மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். ஹோர்ன் பொறுக்காமல் பாயிஸும் வேனை விலக்கிக்கொண்டு போனான். பஸ் போனது, லொறி போனது. எல்லாம் போய் முடிந்த பிறகுதான், றுமைஸா வேனில் இல்லை என்பது தெரிந்தது. குடையை விரித்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் நடந்து வந்துகொண்டிருந்தாள். அவசரப்பட அவளுக்குத் தேவை இருக்கவில்லை.

“எறங்குங்க.”

“ஏலா.”

“மூச்சு வாங்குது.”

“என்ட மூச்சுத்தானே. வாங்கட்டும்.”

அவள் குடையை அவர் பக்கம் சாய்த்தாள்.

“அண்டக்கி ஆஸ்பத்திரில நீங்க கண்ண மூடிப் படுத்தீந்த. ஒங்களுக்கென்ன. கண்ணாடிக்கு வெளிய நிண்டது நான்” என்றாள். “நீங்க இல்லாமப் பெய்த்தா, நான் யாரோட கோவிச்சிக்கிட்டு ஈக்கிற?”

அவருக்குப் பதில் இருந்தது. அதைச் சொல்லக் காற்று இருக்கவில்லை. முன்சக்கரம் தள்ளாடியது. அவள் கை தானாகவே ஆசனத்தைப் பிடிக்க வந்தது.

“தொட வாணாம்.”

கை நின்றது.

“நீயும் முந்திப் போ” என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மிதியாக.

அவள் அவரைப் பார்த்தாள். நெற்றி வியர்வையையும், சிவந்த காதுகளையும், கைப்பிடியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்ததையும் பார்த்தாள். பிறகு குடையை மறு தோளுக்கு மாற்றி, அபாயாவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடையை எட்டிப் போட்டாள். முன்சக்கரத்தைத் தாண்டினாள். செருப்புக் குதிகள் வீதியில் கோபமாக அடித்தன. திரும்பிப் பார்ப்பாள் என்று அவர் எதிர்பார்த்த இடத்தில் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குடை வளைவை நோக்கி ஏறிக்கொண்டே போனது. ஹாஜியார் அதிலிருந்து கண்ணை எடுக்காமல், நின்றுவிட்டதா போகிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில், மிதித்தார்.