தேவகி பின்னால் போன ஊர்

தேவகி எட்டு வயதில் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்காக முசரவாக்கம் போனபோது, காஞ்சிபுரம் சர்வதீர்த்தக் குளத்துத் தண்ணீர் முழுக்க அவள் பின்னாலேயே போய்விட்டது. அது 1961ஆம் வருஷம், ஆவணி மாதம். குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு சேற்றில் நின்றார்கள். மாட்டு வண்டிக்குப் பின்னால் தண்ணீர் ரோட்டோரமாக, யாரையும் நனைக்காமல், மீன்களையும் அழைத்துக்கொண்டு போனதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் அவள் திரும்பியதும் தண்ணீரும் திரும்பியது. கொஞ்சம் கலங்கியிருந்தது, அவ்வளவுதான். அழைக்காத விருந்தாளி வந்து பந்தி போடுகிற இடத்தை அடைத்துக்கொண்டதாகக் கல்யாண வீட்டார்தான் பல நாள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேவகியின் அப்பா தர்மன் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர், அம்மா பூவம்மாள் நூல் இழைப்பவள். வெளியூர் போக அந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. ஏழு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மாமல்லபுரம் கூட்டிப்போனார்கள். சரித்திர டீச்சர் ஜெயம்மாள் கடற்கரைக் கோவிலைக் காட்டி, இதைக் கட்டிய பல்லவ ராஜாதான் நம் ஊர்க் கைலாசநாதர் கோவிலையும் கட்டினான் என்று சொல்லி வாய் மூடவில்லை, சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில் கைலாசநாதர் கோவிலே வந்து நின்றது. ரொம்ப காலம் கழித்துச் சந்தித்த அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் சாயங்காலம் வரைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பாடம் நடத்த வசதியாகப் போயிற்று என்று டீச்சருக்கு சந்தோஷம். இங்கே காஞ்சிபுரத்தில் குருக்கள் வெறும் தரைக்குத் தீபாராதனை காட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். ஊருக்குப் பயம் பிடித்தது அன்றைக்குத்தான்.

1970இல் தேவகிக்குச் சென்னையில் பெண்கள் கல்லூரி ஒன்றில் பி.யு.சி. படிக்க இடம் கிடைத்தது. டாக்டராக வேண்டும் என்பது அவளுக்கு ஆசை என்பதைவிடப் பசி. கிளம்புகிற அன்று தெருவே வாசலுக்கு வந்து, போயிட்டு வா, போயிட்டு வா என்று வாயார வழியனுப்பியது. பஸ் ராஜகுளம் தாண்டவில்லை. பாவு சுருட்டுவது போலத் தெரு ஒரு முனையிலிருந்து சுருண்டுகொண்டு அவள் பின்னால் கிளம்பிற்று. தறிகள் கிளம்பின, விளக்குக் கம்பங்கள் கிளம்பின. சொன்னவண்ணம் செய்த பெருமாள் கோவிலிலிருந்து அர்ச்சகர் கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் மேல்துண்டு நழுவ ஓடிவந்து, பெருமாளின் பாம்புப் படுக்கை கால் பக்கத்திலிருந்து சுருள ஆரம்பித்துவிட்டது என்று கத்தினார். ஒரு காரை அனுப்பி, பஸ்ஸை மறித்து, தேவகியைத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். பின்னாலேயே எல்லாம் வந்து அதனதன் இடத்தில் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் ஐயங்கார் தர்மன் வீட்டுக்கு வந்தார். "அந்தக் காலத்துல ராஜா ஒரு சிஷ்யனை ஊரைவிட்டுத் துரத்தினான். குரு கூடவே கிளம்பினார். பெருமாளும் படுக்கையைச் சுருட்டிண்டு அவர் பின்னால கிளம்பிட்டார். ஊரே இருண்டு போச்சு. அன்னிக்கு ராஜா கால்ல விழுந்தான், இன்னிக்கு நாங்க விழறோம். நீ எங்கயும் போகப்படாதும்மா."

"என்னை யாரும் தொரத்தலியே சாமி. நான் படிக்கத்தானே போறேன்."

"போறேன்னு சொல்லாதே. வரேன்னு சொல்லும்மா," என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஊருக்குத் தூக்கமில்லை. தேவகி செருப்பைத் தொட்டால் தெரு எழுந்து நின்றது. கண்டக்டர்கள் அவளை ஏற்ற மறுத்தார்கள். குழாயடிக்குப் போனாலும் துணைக்கு இரண்டு பேர் போனார்கள். திரும்பி வருவேன் என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவளும் செய்துவிட்டு ஊர் எல்லையில் கால் வைத்துப் பார்த்தாள். போயிட்டு வா என்று கூடியிருந்தவர்கள் கத்தக் கத்த, போன தடவை சும்மா இருந்த கோவில் தேரும் இந்தத் தடவை நகர்ந்தது. ஜூலை முடிவுவரைதான் கல்லூரியில் இடம் காத்திருக்கும். தேவகி சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் யார்தான் என்ன செய்வார்கள், பெருமாள் விஷயம்.

ஒரு நாள் விடிகாலையில் அவள் யாரிடமும் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பூவம்மாள் மட்டும்தான் பார்த்தாள். மகள் தெருக்கோடி வரைக்கும் போய்விட்டாள். ஒரு கல்கூட அசையவில்லை. பூவம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "போயிட்டு வந்துடுமா," என்று தனக்குள்தான் முணுமுணுத்தாள். உடனே எதிர்வீட்டு விளக்குக் கம்பம் தரையைவிட்டு எழும்பி நடந்தது. திரும்பிப் பார்த்த தேவகி அழுதுகொண்டே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஊரை இழுப்பது மகளின் கால் இல்லை, வழியனுப்புகிறவர்களின் 'வா' என்பது பூவம்மாளுக்கு அப்போது புரிந்தது. புரிந்ததை அவள் தர்மனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அதைச் செய்ய வேண்டியவள் அவள்தானே. வாய் சும்மா இருந்தால் போதாது, மனசும் கூப்பிடக் கூடாது. வா என்று சேர்க்காமல் வெறும் போ என்பதை நம் பக்கத்தில் பாடையில் போகிறவர்களுக்குத்தான் வைத்திருக்கிறோம். தேவகிக்கு முன்னால் பிறந்த இரண்டும் அம்மை போட்டு அப்படித்தான் போயின. அந்த இரண்டு தடவையும் மற்றவர்கள்தான் அந்தச் சொல்லைச் சொன்னார்கள், பூவம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொல்லி அனுப்பினால் இவளும் வராமலே போய்விடுவாளோ என்று பயந்தாள். ஜூலை முழுக்க அந்தப் பயத்தோடேயே நூல் இழைத்தாள், இழையெல்லாம் அறுந்தது.

மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம், குழம்பைக் கொதிக்க வைத்தவள் அப்படியே எழுந்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். செய்தி பரவி ஊர் பின்னால் ஓடிவந்தது. ஐயங்கார் சன்னிதியிலேயே பெருமாளின் படுக்கையைக் கையால் அழுத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யாரும் வான்னு சொல்லக்கூடாது. வாயை மூடிக்கினு நில்லுங்க," என்றாள் பூவம்மாள் கூட்டத்தைப் பார்த்து. பிறகு மகளிடம் திரும்பினாள். "தேவகி, நீ போ. திரும்பி வரணும்னு ஒண்ணுமில்ல. போ."

"இன்னாமா இப்படி சொல்ற?" தேவகி அம்மாவின் கையை விடவில்லை.

"போன்னா போ."

கூட்டத்தில் சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். தர்மன் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் கிளம்பி, கோர்ட்டு தாண்டி, கண்ணுக்கு மறைந்தது. தெரு இருந்தது. கம்பங்கள் நின்றன. குளத்தில் தண்ணீர் இருப்பதாக ஆள் வந்து சொன்னான், பெருமாள் படுத்தபடியே இருப்பதாக இன்னொரு ஆள் வந்து சொன்னான். எல்லோரும் பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போனார்கள். பூவம்மாளோடு யாரும் பேசவில்லை.

வீட்டில் கூடம் இருந்தது, தறி இருந்தது, கொல்லைக் கிணறு இருந்தது. சமையலறை மட்டும் இல்லை. அது இருந்த இடத்தில் சதுரமாக ஈரமண் தெரிந்தது, அதில் வெயில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னா பூவம்மா இது?" என்றார் தர்மன்.

"மனசாரத்தான் சொன்னேன். கொஞ்சம் உள்ள தங்கிப்போச்சு போலிருக்குது."

ஈரமண் ஓரமாக உட்கார்ந்தாள். அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கொழம்பு அடுப்புலதான் இருந்துது. அவ சூடா சாப்பிடட்டும்," என்றாள்.

கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டிவைத்து, தர்மனுக்கு உலை ஏற்றினாள்.