பத்தாம் நம்பர், பெருசு

நான் வாயாடிதான், ஒத்துக்கிடுதேன். ஆனா அன்னைக்கு நெருள் மைதானத்துல எனக்கே வாயடைச்சுப் போச்சு.

எம்பேரு மாரிசெல்வி. மும்பை தாராவியில நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால ஒரு சந்துல, இங்க கல்லிம்பாங்க, நானும் எங்க வீட்டுக்காரர் செல்லப்பாண்டியும் ஜெர்சி தைக்கிற கடை வச்சிருக்கோம். வெட்டுறது அவரு, தைக்கிறதும் கத்துறதும் நானு. ஸ்கூல் டீம், ஆபீஸ் டீம், கணபதி மண்டல் பயலுவ டீம்னு பதினாறு வருசமாத் தச்சுத் தள்ளியாச்சு. ஆனா டிவியில காட்டுற மேட்சுக்கு ஒரு சட்டை தச்சதில்ல.

இந்த வருசம் ஹார்பர் லீக்னு புதுசா ஒரு ஃபுட்பால் லீக் ஆரம்பிச்சாங்க. எட்டு டீம். எல்லாம் நம்ம சயன், செம்பூர், சீத்தா கேம்ப் பயலுவதான். இவனுவ ஆட்டத்தை டிக்கெட் எடுத்து எவன் பாப்பான்? அதனால டீமுக்கு ஒருத்தர்னு, ஒரு காலத்துல உலகத்தையே கலக்குன வெளிநாட்டு ஸ்டாருகளைக் கூட்டியாந்தாங்க. எல்லாரும் ரிட்டயர் ஆன ஆளுங்க. எங்க தாராவி டீமுக்கு வந்தவரு தெல்மோ பராந்தா. பிரேசில்காரரு, வயசு நாப்பத்தொண்ணு, சட்டை நம்பர் பத்து. கல்லி முழுக்க அவரு போஸ்டர்தான். ஒல்லியா, தலை நிறைய முடியோட பறந்துக்கிட்டு இருப்பாரு. எந்தக் காலத்துல எடுத்த படமோ! ஆளு மேட்சு அன்னைக்குத்தான் வந்து இறங்குவாருன்னாங்க.

நம்ம பயலுவளுக்கு வாய்க்கொழுப்புக்குக் கேக்கணுமா? அவருக்குப் 'பெருசு'ன்னு பேரு வச்சுட்டானுவ. பெருசு வந்தாச்சா, பெருசு ஓடுமா, பெருசுக்கு மூச்சு வாங்குமா, இதே பேச்சு. எங்க கடையிலயும் அதே பேச்சுதான், பொய் சொல்லுவானேன்.

எங்க டீமோட முதல் மேட்சு ஜெர்சி ஆர்டர் எங்ககிட்ட வந்துச்சு. டீமோட சட்டை சாமானெல்லாம் பாத்துக்கிடுற மராட்டிப் பொண்ணு சாதனா என்னை அண்ணிங்கிற மாதிரி பாபின்னுதான் கூப்பிடுவா. அன்னைக்கே இந்தியில சொல்லிட்டா: "பாபி, இது பக்காவா வந்தா மத்த ஏழு டீமும் உங்களுக்குத்தான். எதாவது லஃப்டா ஆச்சு, பெரிய கம்பெனிக்குப் போயிரும்." ஏழு டீமு! அம்மாடி, எனக்கு சந்தோசத்துல சோறு இறங்கல.

மேட்சு அன்னைக்கு மூட்டையைக் கட்டிக்கிட்டு ஜிடிபி நகர்ல பன்வேல் லோக்கல் ரயில் ஏறினேன். அஞ்சு மணிக்கு நெருள்ல இறங்குனா, கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். மேளமென்ன, பீப்பியென்ன! டிரெஸ்ஸிங் ரூம் வாசல்ல சாதனா லிஸ்ட்டை வச்சுக்கிட்டு ஒவ்வொரு சட்டையாப் பிரிச்சுப் பாத்தா. ஏழு சரி. ஒம்பது சரி. பத்தைப் பிரிச்சா, அது விரிஞ்சுக்கிட்டே போகுது.

"அரே பாபி, என்ன இது? லிஸ்ட்ல மீடியம்னு இருக்கு. இதுக்குள்ள ரெண்டு ஆளு போகலாமே!"

மாத்துச் சட்டையை எடுத்தா, அதுவும் அதே அளவு. வீட்டுக்காரருக்கு போனைப் போட்டேன்.

"ஏங்க, பத்தாம் நம்பருக்கு என்ன சைஸ் வெட்டுனிய?"

"நீ எழுதிக் குடுத்ததைத்தான் வெட்டுனேன்."

"நான் என்னத்த எழுதினேன்?"

"இந்தா சீட்டு. ஏழு, மீடியம். ஒம்பது, லார்ஜ். பத்து, பெருசு. இருக்கதுலயே பெரிய அளவா வெட்டிட்டேன்."

அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. நான்தான் லிஸ்ட்டைப் பாத்துத் தமிழ்ல எழுதிக் குடுப்பேன். பத்துக்கு வரும்போது கைவாக்குல ஆளு பேரை எழுதிட்டு, அளவை எழுத மறந்திருக்கேன். தப்பு என்னோடதுதான். ஆனா விடுவனா?

"பெருசுன்னா அந்தப் பெருசு! ஊரே அந்தாளை அப்படித்தான சொல்லுது, காதுல என்ன பஞ்சா வச்சிருந்திய?"

"கத்தாதளா. இப்ப என்ன செய்ய?"

போனை வச்சுட்டேன்.

ஆட்டத்துக்கு இன்னும் நாப்பது நிமிசம். ரெண்டு பக்கமும் பிரிச்சு, வெட்டி, கைத்தையல் போட்டுருவோம்னு தரையில உக்காந்து கத்திரியை எடுத்துட்டேன். ஏழு டீமும் கண்ணு முன்னால ரயிலேறிப் போகுது. அப்பம் பாத்து கதவைத் திறந்துக்கிட்டு ஒருத்தர் வந்தாரு. மேல ஒரு துண்டு, மொட்டைத் தலை, நல்ல தொப்பை. எங்க தாராவி லேபர் கேம்ப்ல மளிகைக் கடை வச்சிருக்க அண்ணாச்சி மாதிரியே இருந்தாரு.

"வெளிச்சத்தை மறைக்காம ஓரமா நில்லுங்கண்ணே"ன்னு தமிழ்லயே ஒரு சத்தம் போட்டேன்.

சாதனா விறைச்சுப் போய் எந்திரிச்சு, "சார்"னா.

அவருதான் தெல்மோ பராந்தா. சத்தியமாச் சொல்லுதேன், எனக்கு அந்த இடத்துலயே பூமிக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. அவரு எங்கையில இருந்த சட்டையையே பாத்தாரு. மெதுவா வாங்கி விரிச்சுப் பாத்துட்டுத் தலை வழியாப் போட்டாரு. தோளு, தொப்பை, இடுப்பு, எல்லாம் கச்சிதம். கூப்பிட்டு வச்சு அளவெடுத்துத் தச்சாக்கூட அப்படி அமையாது.

அவரு விட்ட மூச்சு எனக்குக் கேட்டுச்சு. எங்கையைப் பிடிச்சு இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிட்டு உள்ள போயிட்டாரு.

அவரு சொன்னதை சாதனா குசுகுசுன்னு இந்தியில சொன்னா: "அவரு ஏஜெண்ட் அனுப்புன அளவு பத்து வருசத்துக்கு முந்துனதாம் பாபி. மாத்தச் சொல்ல வெக்கப்பட்டுட்டுப் பேசாம இருந்துட்டாராம். காலையில இருந்து சாப்பிடலையாம்." உலகமே பாத்த மனுசன், ஒரு மீடியம் சட்டைக்குப் பயந்து பட்டினி கிடந்திருக்காரு.

ஆட்டம் ஆரம்பிச்சுது. அவரு ஓடவே இல்ல. நடு மைதானத்துல நிக்காரு, நடக்காரு. எதுத்து ஆடுன செம்பூர்க்காரனுவ ஒரு கோல் போட்டானுவ, நாங்க ஒண்ணு போட்டோம். எங்க பயலுவளே "பெருசு, உக்காரு! பெருசு, நாற்காலி வேணுமா!"ன்னு கூவுதானுவ. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! பின்னால திரும்பி, "ஏலே, நீ போய் ஆடுல பாப்போம்!"னு ஒருத்தனைப் பிடிச்சு ஏறிட்டேன்.

முடிய ஆறு நிமிசம் இருக்கும். பந்து அவருகிட்ட வந்துச்சு. நாலு பேரு சுத்திட்டானுவ. அவரு கோல் பக்கம் திரும்பக்கூட இல்ல, குதிங்காலால ஒரு தட்டு. அவ்வளவுதான்! பந்து ரெண்டு பேரு காலுக்கு நடுவுல புகுந்து போகுது. அங்க யாருமே இல்லையேன்னு நான் நினைக்கேன், எங்கிருந்தோ வந்து நிக்கான் நம்ம இசக்கிராஜ், பேக் தைக்கிற கம்பெனியில ஜிப்பு வைக்கிற பய! ஒரே உதை. கோல்!

ஐயோ, அந்தச் சத்தம்! பக்கத்துல இருந்த குஜராத்தி அம்மாவைக் கட்டிப் பிடிச்சு நான் குதிச்ச குதியில செருப்பு எங்க போச்சுன்னே தெரியல. மைதானம் முழுக்க "பெருசு! பெருசு! பெருசு!" இந்திக்காரன், மராட்டிக்காரன் எல்லாம் கத்துதான்.

ஆட்டம் முடிஞ்சதும் சாதனாவைக் கூட்டிக்கிட்டு அவரே என்னைத் தேடி வந்தாரு. அவரு கேக்கதை சாதனா இந்தியில சொன்னா. 'பெருசு'ன்னா என்னன்னு கேட்டாரு.

"பெரிய ஆளுன்னு அர்த்தம்"னேன்.

சிரிச்சாரு. "கிழவன்னுதான? எங்க ஊர்லயும் இதே குரல்லதான் கூப்பிடுவாங்க. ஆனா கடைசியில கத்துனது வேற குரலு. ரெண்டும் எனக்கு விளங்குச்சு."

எனக்கு மூஞ்சியை எங்க வைக்கன்னு தெரியல. அதோட விட்டாரா? "என்னைப் பாக்காமலே என் அளவு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னாரு. சாதனா லிஸ்ட்டும் பேனாவுமா நிக்கா. அனுபவம் சார்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா ஏழு டீமும் கையில. நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஆனா பட்டினி கிடந்த மனுசன்கிட்ட எப்படிப் பொய் சொல்ல? சீட்டு எழுதுன கதையை ஒண்ணு விடாமச் சொல்லிட்டேன். "தப்பு என்னோடது சார்"னேன்.

சாதனா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அவரு தொப்பை குலுங்கச் சிரிச்சாரு. கண்ணுல தண்ணியே வந்துருச்சு. சாதனா சிரிக்கல. லிஸ்ட்டையே பாத்துக்கிட்டு இருந்தவ, மீடியத்தை ஒரு கோடு போட்டு அடிச்சா.

"பாபி, மத்த ஏழு டீம் ஸ்டாருக்கும் ஏஜெண்டுங்க மீடியம்னுதான் அனுப்பியிருக்காங்க. நாளைக்கு நேர்லயே வந்து எல்லாருக்கும் அளவெடுத்துருங்க. ஆர்டர் உங்களுக்குத்தான்."

ஒத்தச் செருப்போட நின்னு வீட்டுக்காரருக்கு போனைப் போட்டேன். "ஏங்க, தப்பு எம்மேலதான், கத்துனதை மனசுல வச்சுக்கிடாதிய. நாளைக்கு டேப்பை எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க. நமக்கு இன்னும் ஏழு பெருசு இருக்கு!"

அவரு ரொம்ப சாக்கிரதையாக் கேட்டாரு:

"ஏளா, இது ஆளா, அளவா?"