'சஃபர்' என்ற சொல்லுக்கு நாலு வாக்கியம்

அகராதி ஆபீசில் ஆசிரியருக்குப் 'பேரகராதி' என்று பட்டப்பெயர், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும். மூன்று நாளாக அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. இடது கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. அதே மூன்று நாளாக 'சஃபர்' (suffer) என்கிற ஒரே ஆங்கில வினைச்சொல்லில் ஆபீஸ் வேலையே நின்றுபோயிருந்தது.

பிழைதிருத்தும் அக்காவுக்கோ அன்று நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். நாலரைக்கு மகள் பள்ளியில் ஓட்டப்பந்தயம். "போன வருஷமும் வரலை. இந்த வருஷமும் வரலைன்னா நான் ஷூ லேஸையே கட்டமாட்டேன், பாத்துக்கோ" என்று காலையிலேயே மிரட்டிவிட்டுப் போயிருந்தாள். ஆனால் பக்கம் முடியாமல் யாரும் நகரக் கூடாது என்பது பேரகராதியின் சட்டம்.

"ஒண்ணு, வலியில துடிக்கிறது. ரெண்டு, இழப்புக்கு ஆளாகிறது. மூணு, தரம் கெடுறது. நாலு, சகிச்சுக்கிறது. ஒவ்வொண்ணுக்கும் உதாரணம் வேணும்மா. காவியம் மாதிரி இருக்கணும்" என்றார் பேரகராதி.

அவர் எழுதிவைத்திருந்த முதல் உதாரணத்தில் ஒரு பேரரசன் இருபத்தேழு சொற்களாகத் துடித்துக்கொண்டிருந்தான். வாக்கியம் முடிகிற வழியைக் காணோம்.

"எதிர்சாரியிலதானே சார் பல் டாக்டர். ஒரு எட்டு போயிட்டு வந்துடுங்களேன்."

"மனவலிமை உள்ளவனுக்கு டாக்டர் எதுக்கும்மா?" என்று சொல்லி ஒரு மிடறு வெந்நீர் குடித்தார். மனவலிமை கண்ணோரம் கசிந்தது.

அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரை. "அனுபவிக்காம எழுதின உதாரணம்னு எவனாவது மதிப்புரையில கிழிச்சுட்டா?"

அது சுருக்கென்று தைத்தது. "ஆய்வுக்காகத்தான் போறேன்" என்று அறிவித்துவிட்டுக் குடையை எடுத்தார்.

எதிர்சாரியிலிருந்து வந்த அலறலுக்கு ஆபீசே ஜன்னலுக்கு ஓடியது. அக்கா மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள்.

மூன்றே முக்காலுக்கு வாய் நிறையப் பஞ்சோடு திரும்பினார். ஒரு மணி நேரம் பேசக் கூடாதாம். அக்கா தாளை நீட்டினாள்.

'மூன்று நாள் வலியில் துடித்தார். டாக்டருக்குப் பயந்ததில் பல்லை இழந்தார். அவர் எழுதிய வாக்கியங்களும் கெட்டன. கூட வேலை செய்பவர்கள் அவரைச் சகித்துக்கொண்டார்கள்.'

"ம்ம்ம்!"

"நல்லா இருக்கா சார்?"

"ம்ம்ம்ம்ம்!"

சிவப்புப் பேனாவைப் பிடுங்கினார். பேனா முதல் வாக்கியத்தில் நின்றது, இரண்டாவதில் பெருமூச்சு விட்டது. நாலாவதில் 'சகித்துக்கொண்டார்கள்' என்பதற்கு முன்னால் 'அன்போடு' என்று நுழைத்தார். கீழே கையெழுத்தும் போட்டார்.

அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வந்தபோது, மற்ற பிள்ளைகள் ஓடத் தயாராகக் கோட்டில் வந்து நின்றுவிட்டார்கள். மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு சாவகாசமாகக் குனிந்து லேஸைக் கட்டினாள்.