ஒரு மூடி ஆயில்

இரண்டாம் கியருக்கு மாற்ற இசைவாணி கிளட்சை மிதித்தாள். பெடல் தரைவரை போய் அங்கேயே படுத்துவிட்டது. கியர் கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. நியூட்ரலுக்குத் தள்ளி, உருண்ட வேகத்திலேயே போய், ஒரகடம் சாலையோரம் நின்றிருந்த கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் காரை ஓரங்கட்டினாள்.

"இன்னாடி, ஏன் நிறுத்திட்ட?" என்றாள் பக்கத்து சீட்டிலிருந்த ஞானம்மா.

"கிளட்ச் போயிடுச்சு பெரிம்மா."

"அதுவும் இன்னைக்கேவா போவணும்?"

மணி ஒன்று ஐம்பது. விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோன கோதண்டம் இசைவாணிக்கு மாமனார். ஞானம்மாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி. செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று பங்காளிகள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கொள்ளி வைக்க வேண்டிய இசைவாணியின் கணவன் பகலவன் அப்பாவின் உடலை விட்டு நகர முடியாது. ஓட்டத் தெரிந்த மற்ற ஆண்கள் பந்தலுக்குப் பின்னால் குடித்துக்கொண்டிருந்தார்கள். சைதாப்பேட்டையிலிருந்து மின்ரயிலில் வரும் ஞானம்மாவை சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர இசைவாணிதான் சாவியை எடுத்தாள். "சாவு வூட்டுல மருமவ கார் ஓட்டினு போறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. விழாததுபோல் கிளம்பிவிட்டாள்.

"வாய்க்கரிசி போடாமயே எடுத்துடுவானுங்களாடி?" ஞானம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அவன் மொகத்தப் பாத்து நாலு மாசம் ஆவுது."

பகலவனுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை, மேளச் சத்தத்தில் கேட்டிருக்காது. இரண்டு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய ஷேர் ஆட்டோக்கள் பிதுங்கி வழிந்துகொண்டு போயின. கை காட்டினாள். ஒன்றும் நிற்கவில்லை. கியரில் போட்டே ஸ்டார்ட் செய்து கிளட்ச் இல்லாமல் ஓட்டலாம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். இத்தனை லாரிகளுக்கு நடுவே அந்தத் துணிச்சல் அவளுக்கு இல்லை.

அவள் இயற்பியல் படித்தவள். சின்ன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை. குறை எங்கே இல்லை என்பதை முதலில் பார்த்துப் பழகியவள். இன்ஜினை அணைத்துவிட்டு கியர்களைப் போட்டுப் பார்த்தாள். ஐந்தும் மறுக்காமல் விழுந்தன, கியர்பாக்ஸில் ஒன்றுமில்லை. கருகல் வாசனை இல்லை. வரும் வழியில் மேட்டில் ஏறியபோதும் இன்ஜின் வீணாக இரையவில்லை. ஆகவே கிளட்ச் பிளேட்டும் தேயவில்லை. பெடலைக் கையால் தூக்கித் தூக்கிப் பத்து முறை மிதித்தாள். எட்டாவது மிதியில் காலுக்குக் கீழே லேசாக ஒரு எதிர்ப்பு வந்தது, உடனே கரைந்துபோனது.

"நீ இன்னா டாக்டரா? நாடி புடிச்சிப் பாத்துகினே கீற?"

"ஆயில் போயிருக்கு பெரிம்மா. நம்ம மிதிய கிளட்சுக்குக் கொண்டுபோறதே அந்த ஆயில்தான். அது இல்லாம உள்ள காத்து பூந்துடுச்சு."

பானெட்டைத் திறந்தாள். சின்ன ஆயில் டப்பா காலியாக இருந்தது. கீழே, கிளட்ச் சிலிண்டரைச் சுற்றி ஈரம். புது ஈரம் அல்ல. பெயின்ட் உரிந்து, அதன்மேல் தூசி படிந்து, மறுபடி நனைந்து அடையாகியிருந்தது. சொட்டுவது மற்ற இடங்களில் படாமலிருக்கப் பழைய பனியன் துணியை யாரோ நான்காக மடித்துக் கட்டியிருந்தார்கள்.

கோதண்டம் வழக்கமாக வண்டி விடும் மெக்கானிக் டில்லிபாபுவை அழைத்தாள்.

"சொல்லும்மா. உங்க வூட்டுக்குத்தான் கெளம்பினு கீறேன்."

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"பெரியவரு படுத்து ரெண்டு வாரம் ஆச்சே. நடுவுல யாரு ஊத்தினது?"

"எதண்ணா?"

"உனக்குத் தெரியாதா? ஆறு மாசமா ஒழுகுதும்மா அது. சிலிண்டர மாத்தணும், ரெண்டு நாள் ஷெட்ல வுடுண்ணேன்னு தலபாடா அடிச்சிக்கினேன். கேட்டாத்தானே? 'மருமவளுக்குக் காலையில ஆறு மணி ஷிப்ட்டுடா, அந்தக் கம்பெனிக்கு பஸ்ஸும் கெடையாது, ரெண்டு நாள் எப்டிப் போவும்'னாரு. தெனம் எழுந்து ஒரு மூடி ஊத்திக்கிறேன்னு பாட்டில வாங்கினு போய்ட்டாரு."

இசைவாணி அந்தப் பனியன் துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

தினமும் ஐந்து மணிக்கு வாசலில் பானெட் மூடும் சத்தம் கேட்கும். கல்யாணமான புதிதில், கார் சாவி அவள் கைக்கு வந்த முதல் வாரமே, கேட்டில் உரசிவிட்டாள். கோதண்டம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன்பின் அவர் விடியலில் டார்ச்சோடு காரைச் சுற்றிவருவதைப் பார்க்கும்போதெல்லாம், நேற்று எங்கே இடித்தாள் என்று தேடுகிறார் என்றே நினைத்துக்கொண்டாள். அவள் வந்ததும் அவர் தரையைப் பார்த்தபடி விலகி நிற்பார். அவளும் தரையைப் பார்த்தபடி ஏறிக்கொள்வாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "பெடல் எப்டி கீது?" என்று கேட்டார். பெடல் நாளுக்கு நாள் தாழ்ந்துகொண்டு வந்தது அவளுக்குத் தெரியும். இருந்தும், "நல்லா இருக்கு மாமா" என்றாள். அன்று பகலவனிடம், "இந்த நெலமையிலும் அவருக்குக் கார் கவலைதான்" என்றும் சொன்னாள்.

"லைன்ல கீறியாம்மா?"

"இருக்கேண்ணா."

"டிக்கியில ஸ்டெப்னி பக்கத்துல பாட்டில் இருக்கும். கூடவே எட்டாம் நம்பர் ஸ்பேனரும் வெச்சிருப்பாரு. டப்பாவ ரொப்பு. சிலிண்டர்ல காத்த வெளிய வுடறதுக்கு சின்னதா திருகு மாரி ஒரு நிப்பிள் இருக்கும். ஒரு ஆள் பெடல மிதிச்சிப் புடிக்கணும். நீ நிப்பிள லூஸ் பண்ணி, காத்து வந்தொடனே டைட் பண்ணிடணும். அப்புறம்தான் கால எடுக்கணும். நடுவுல டப்பா காலியாவக் கூடாது. கூட ஆள் கீதா?"

இசைவாணி காருக்குள் பார்த்தாள்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுடி!" என்றாள் ஞானம்மா.

"ஓட்ட வேணாம் பெரிம்மா. நான் சொல்லும்போது மிதிங்க, சொல்லும்போது விடுங்க."

அறுபத்தாறு வயதில் முதல்முறையாக ஞானம்மா ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். இசைவாணி டிக்கியிலிருந்து பாட்டிலையும் ஸ்பேனரையும் எடுத்துவந்து டப்பாவை நிரப்பினாள்.

"மிதிங்க. அப்படியே புடிங்க... இப்ப விடுங்க."

"வுட்டா வரல, செத்த பாம்பாட்டம் கெடக்குதே."

"கையால தூக்குங்க. மறுபடி மிதிங்க."

நிப்பிளிலிருந்து நுரை சீறியது. டப்பாவில் ஊற்றினாள். மறுபடி. உள்ளே ஞானம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் மிதிப்பதை நிறுத்தவில்லை. "தம்பீ" என்று மிதித்தாள். "என் ராசா" என்று பிடித்தாள். "போய்ட்டியேடா" என்று விட்டாள். பைக்கில் போன இரண்டு பேர் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நுரை குறைந்து குமிழி வந்தது. குமிழியும் நின்று வெறும் ஆயில் கசிந்தது. இசைவாணி நிப்பிளை இறுக்கினாள்.

"ஏய் வாணி, இது இப்ப என் கால எதுத்துத் தள்ளுதுடி!"

"போதும் பெரிம்மா. இறங்குங்க."

மணி இரண்டு இருபத்தைந்து. இசைவாணி காரைக் கிளப்பினாள். ஒவ்வொரு முறை மிதித்தபோதும் பெடல் பாதியில் நின்று அவள் காலைத் தாங்கியது.

தெருமுனையிலேயே காரை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். பாடையில் ஏற்றியிருந்தார்கள், முகத்தை மட்டும் இன்னும் மூடவில்லை. ஞானம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் விழுந்தாள். "டேய் கோதண்டம், வந்துட்டேன்டா. உன் மருமவ கூட்டினு வந்துட்டாடா."

இசைவாணி தொட்டியில் சோப்புப் போட்டு இரண்டு முறை கையைக் கழுவினாள். ஆயில் வாசனை போகவில்லை. வரிசையில் அவள் முறை வந்தது. குனிந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இவ்வளவு அருகில், நேருக்கு நேராகப் பார்ப்பது இதுதான் முதல்முறை.

"சீக்கிரம் போடும்மா, நேரமாவுது" என்றாள் பின்னால் நின்றவள்.

மூன்று முறை போட வேண்டிய அரிசியை நான்கு முறை போட்டாள். யாரும் எண்ணவில்லை.

மேளம் உரத்தது. பாடை தெருவில் இறங்கியபோது முன்னாலிருந்து ஒரு குரல் கத்தியது. "எவன்டா காரக் குறுக்க வுட்டது? தள்ளுங்கடா அத."

நாலு பேர் தள்ளக் கை வைத்தார்கள்.

"தள்ள வேணாம்ணா. நகருங்க" என்றாள் இசைவாணி.

ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்தாள். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. பக்கத்துக் காலி மனைக்குள் காரைப் பின்னுக்கு எடுத்து, வழி விட்டு, கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தபடி காத்திருந்தாள். பகலவன் தீச்சட்டியோடு முன்னால் போனான். அவனுக்குப் பின்னால் பாடை போனது. வீசிய சாமந்தி இதழ்கள் சில பானெட்டின் மேல் விழுந்தன.

கடைசி ஆள் கடந்து போகும்வரை அவள் கிளட்சிலிருந்து காலை எடுக்கவில்லை. பெடல் இம்முறை தரைக்கு இறங்கவில்லை.