பதினோரு விநாடி

நூறு சொற்களில் நாற்பதைத் தாண்டுவதற்குள் ரோஸிக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. கண்டோன்மெண்டில் இருந்த அந்தச் சின்ன மனநோய் ஆஸ்பத்திரியில் அவள் பதினான்கு வருஷமாக நர்ஸ். 1958-இல் புதிதாக வந்த மனோதத்துவ நிபுணர் ஸ்ரீகண்டனுக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான் வரும். தமிழ் நோயாளி என்றால் மொழிபெயர்க்க அவளைத்தான் கூப்பிடுவார்.

எதிரே ஜெயவேலு. கோலார் தங்கவயல் சுரங்கத்தில் பாறை வெடித்து, பக்கத்திலேயே மூன்று பேர் செத்த நாளிலிருந்து அவர் மூடிய கதவுக்குள் இருக்கமாட்டார். தானாக யாரிடமும் பேசவும் மாட்டார்.

தொடங்குமுன் ஸ்ரீகண்டன் அவளுக்கே பாடம் நடத்தியிருந்தார். ஜெர்மனியில் வூண்ட் என்பவர் ஆய்வுக்கூடம் வைத்து மனசின் வேகத்தைக் கடிகாரத்தால் அளந்தாராம். அடக்கிய நினைப்பு வேறு வழியாக வெளியே வரும் என்றாராம் ஃபிராய்டு. சுவிட்சர்லாந்தில் யுங் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, முதலில் தோன்றும் பதிலைக் கேட்டாராம். பதில் எங்கே தாமதிக்கிறதோ, அங்கே புண். ரோஸி தலையாட்டினாள். நின்று நின்று கணுக்கால் வீங்கியிருந்தது.

அவர் இங்கிலீஷில் சொல்லைப் படித்து ஸ்டாப்வாட்சை அழுத்துவார். அவள் தமிழில் சொல்வாள். ஜெயவேலு வாயைத் திறந்ததும் முள் நிற்கும். தண்ணீர் என்றால் குழாய், விளக்கு என்றால் சுரங்கத் தொப்பி. எல்லாம் மூன்று, நான்கு விநாடி. நாற்பத்தேழாவது சொல் ‘சிஸ்டர்’.

“குடியாத்தத்துல இருக்கா,” என்றார் ஜெயவேலு. பதினோரு விநாடி.

அதில் எட்டு விநாடி, ‘தங்கச்சி’ என்று தமிழில் சொல்லாமல் ரோஸி நின்றுவிட்டாள். ஸ்ரீகண்டனின் கண் முள்ளின் மேல் இருந்ததால் அது அவருக்குத் தெரியவில்லை.

தங்கையைப் பற்றி ஜெயவேலு எதையோ மறைக்கிறார் என்று அவர் முடிவுகட்டினார். ஒரு வாரம் தினமும் கூப்பிட்டு அதையே கேட்டார். ரோஸியும் மொழிபெயர்த்தாள். கடைசியில் ஜெயவேலு சாப்பாட்டைத் தள்ளிவிட்டார். தங்கை செத்துவிட்டாள், எல்லாரும் மறைக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டுவிட்டது. ரொட்டித் தட்டோடு பக்கத்தில் நின்ற ரோஸிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. நேரே ஸ்ரீகண்டனிடம் போய்க் கன்னடத்தில் சொன்னாள்.

“சார், அந்தப் பதினோரு விநாடி அவரோடது இல்ல. என்னோடது.”

‘சிஸ்டர்’ என்றதும் நர்ஸைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாயா, அக்காவா தங்கையா என்று குழம்பிவிட்டாயா என்று அவர் கேட்டார். ஆமாம் என்றிருந்தால் முடிந்திருக்கும். பொய் சொல்லக்கூட அவளிடம் தெம்பில்லை.

“எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா சார், பிலோமினா. ஆறு வருஷமா சுவத்தோட பேசிட்டிருக்கா. ஆஸ்டின் டவுன் வீட்டுல வெச்சுப் பூட்டிட்டுத்தான் டியூட்டிக்கு வரேன். அந்தச் சொல்லைக் கேட்டதும், அவ போய்ச் சேந்துட்டா நான் தூங்கலாமேன்னு தோணிச்சு. அதான் வாய் வரல.”

இங்கேயே ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டார்.

“இந்த வார்டைப் பதினாலு வருஷமா பாக்கறேன் சார்.”

அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்த வருஷம் தனக்கும் அப்படித் தோன்றியதுண்டு என்றார் ஸ்ரீகண்டன். பிறகு நோட்டில் ஜெயவேலுவின் தங்கையைப் பற்றி எழுதியிருந்த வரியை அடித்துவிட்டார். வியாழக்கிழமை பிலோமினாவை அழைத்து வரட்டும், பெரிய டாக்டர் பார்த்ததும் வார்டில் சேர்க்காமல் வீட்டுக்கே கூட்டிப் போகலாம் என்றார்.

ஜெயவேலுவிடம் ரோஸியே போய்ச் சொன்னாள். தப்பு தன்மேல்தான், குடியாத்தத்தில் தங்கைக்கு ஒன்றுமில்லை என்றாள். அவர் உடனே நம்பவில்லை. தங்கை கைப்பட எழுதிய கார்டு வந்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார். வேறொருவரை வைத்துப் பட்டியலை மறுபடி படித்தபோது அவர் நின்றது ‘கதவு’ என்ற சொல்லில். அது வார்டில் கூட்டுகிறவளுக்குக்கூடத் தெரிந்ததுதான்.

இரண்டு வியாழன் சாக்குச் சொல்லித் தட்டிவிட்டு, மூன்றாவது வியாழன் ரோஸி ஜட்கா வண்டி பிடித்துத் தங்கையை அழைத்துவந்தாள். பிலோமினா பெஞ்சில் அக்காவின் முந்தானையைப் பிடித்தபடியே இருந்தாள். பெரிய டாக்டர் மாத்திரை எழுதினார்.

குணமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பிலோமினாவுக்குத் தூக்கம் வந்தது, சுவரோடு பேச்சு குறைந்தது. பக்கத்து வீட்டு எல்லம்மாவிடம் சாவியைக் கொடுத்து, மத்தியானம் திறந்து பார்த்துக்கொள்ளச் சொல்லும் அளவுக்கு ரோஸிக்குத் தைரியம் வந்தது. சாவி கொடுத்த அன்று டியூட்டி முடிந்ததும் அவள் ஓடவில்லை. வழியில் ஒரு டீ குடித்துவிட்டு, மெதுவாக வீட்டுக்கு நடந்தாள்.